சொந்தப் பெயரில் ஒரு கணக்கு

2024 டிசம்பர் வரை மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு காலையில் அரசு அலுவலகம் திறக்கும், பள்ளிக்கூட மணி அடிக்கும், வங்கிக் கதவும் திறக்கும். ஆனால் தனியார் தொழிற்சாலைகள் பலவும் பட்டறைகளும் ஞாயிறன்றே விடுப்பு விட்டன. இந்த முரண்பாடு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒரு வகையில் கைகொடுத்தது. பாசிர் கூடாங்கிலோ ஸ்கூடாயிலோ வேலை பார்ப்பவர், தனக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் வங்கிக்குப் போய் வரிசையில் நிற்க முடிந்தது.

2025 ஜனவரி 1 முதல் மாநிலம் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மாற்றம் இது. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள் என்று விடுமுறை பிரிந்து கிடந்த குடும்பங்கள் மகிழ்ந்தன. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் ஞாயிறு மட்டுமே ஓய்வு உள்ள தொழிலாளிக்கு வங்கி வாசல் அன்றோடு அடைபட்டது. ஒரு கணக்குத் திறக்க வேண்டுமானால் இனி அவர் வேலை நாளில் போக வேண்டும். அதற்கு முதலாளியிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஒரு நாள் கூலி போகலாம்.

ஜோகூர் பாரு நகர மையத்தில் ஞாயிறு மாலை நடந்தால் இன்னொன்றும் தெரியும். ஜாலான் வோங் ஆ ஃபூக் பக்கத்துப் பணமாற்றுக் கடைகளிலும் பணம் அனுப்பும் நிலையங்களிலும் கூட்டம் நெரியும். பாஸ்போர்ட்டும் ரொக்கமும் இருந்தால் போதும், ஊருக்குப் பணம் அனுப்பிவிடலாம். ஊருக்கு அனுப்ப ஞாயிறு திறந்திருக்கிறது. தனக்கென்று போட்டு வைக்கத் திறந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து ஜோகூர் வருபவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து உணவகத்துக்கும் முடிதிருத்தகத்துக்கும் துணிக்கடைக்கும் தோட்டத்துக்கும் வருகிறார்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பொறியாளர்கள் வருகிறார்கள். இஸ்கந்தர் புத்ரியில் 2011இல் தொடங்கிய நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்விக் கிளை, ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று படிக்க வருபவர்களும் உண்டு. வங்கிக் கவுன்டரில் இவர்கள் அனைவரிடமும் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான்: பாஸ்போர்ட், செல்லுபடியாகும் பெர்மிட் அல்லது பாஸ், தங்கும் முகவரிக்குச் சான்று, தொடக்க வைப்புத் தொகை. இவற்றோடு, எல்லாவற்றையும் விடக் கனமான தாள் ஒன்று. ‘சூராட் மஜிகான் அடா?’ என்று கவுன்டரில் கேட்பார்கள். முதலாளி கடிதம் இருக்கிறதா என்று பொருள்.

பொறியாளருக்கு நிறுவனத்தின் மனிதவளத் துறை அந்தக் கடிதத்தை முதல் வாரத்திலேயே அச்சடித்துத் தந்துவிடும். மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும். உணவகத்தில் மாவு பிசைபவருக்கு முதலாளி மனம் வைக்க வேண்டும்.

காசுள்ள வெளிநாட்டவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ‘மலேசியா என் இரண்டாம் இல்லம்’ திட்டத்தின் கீழ், ஜோகூரின் ஃபாரஸ்ட் சிட்டியை உள்ளடக்கிய பிரிவில் சேர 50 வயதுக்குட்பட்டவர் 65,000 அமெரிக்க டாலரும், 50 வயதைத் தொட்டவர் 32,000 டாலரும் மலேசிய வங்கி ஒன்றில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அவரைக் கணக்குத் திறக்கச் சொல்வதே அரசாங்கம்தான்.

வங்கிகள் கெடுபிடி செய்வதற்கு அடிப்படை இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பண மோசடித் தடுப்புச் சட்டம், வாடிக்கையாளர் யார், அவருடைய பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பை வங்கியின் தலையில் வைத்திருக்கிறது. தவறினால் தண்டம். வெளிநாட்டவர் என்றால் இன்றிருப்பார், நாளை போய்விடுவார் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் ஒரே வங்கியின் இரண்டு கிளைகள் இரண்டு விதமாகப் பதில் சொல்வது இங்கே வாடிக்கை. ஒரு கிளையில் ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் வந்து அறிமுகம் செய்ய வேண்டும் என்பார்கள். இன்னொரு கிளையில், வேலை இடம் எங்கள் வட்டாரத்தில் இல்லையே என்பார்கள். முதல் கிளையில் மறுத்ததும் மனம் ஒடிந்து திரும்பிவிடக் கூடாது. தொழிற்சாலைக்கு அருகில் உள்ள, அந்த நிறுவனத்தின் சம்பளக் கணக்குகளைக் கையாளும் கிளையில் கேட்பதே பல நேரங்களில் எளிய வழி.

செட்டிநாட்டின் வேர்

இந்த மண்ணில் தமிழர் வங்கி வாசலில் நிற்பவராக மட்டும் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அவரே வங்கியாக இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவுக்குக் கப்பலேறிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்கு, சிங்கப்பூர், மூவார் என்று துறைமுக ஊர்களில் கிட்டங்கிகளை அமைத்தார்கள். நீண்ட கூடம், வரிசையாகக் கணக்கு மேசைகள், ஆளுக்கொரு கைப்பெட்டி, இரும்புப் பெட்டகம். ஊரிலிருந்து மூன்றாண்டுத் தவணையில் வரும் ஏஜென்டு, அடுத்தாள், கணக்கப்பிள்ளை. ஐரோப்பிய வங்கிகள் திரும்பிப் பார்க்காத சிறு ரப்பர்த் தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். வட்டி கடுமையாக இருந்தது என்பதும், 1930களின் பெருமந்தத்தில் அடமான நிலங்கள் பல கைமாறிக் கசப்பு வளர்ந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

அந்த மரபிலிருந்து நவீன வங்கியும் பிறந்தது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அதையடுத்து மலாயாவிலும் கிளைகள் வந்தன. கடல் தாண்டிப் போன தமிழனின் பணத்தைக் கையாள்வதற்கென்றே எழுந்த வங்கி அது. பெயரே அதைத்தான் சொல்கிறது.

பிறகு நடந்ததை இந்தியாவின் அரசியலும் மலேசியாவின் அரசியலும் சேர்ந்து தீர்மானித்தன. 1969இல் இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கக் கூடாது என்று மலேசியா 1973இல் சட்டம் செய்தது. இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன், யுனைடெட் கமர்ஷியல் ஆகிய மூன்று வங்கிகளின் மலேசியக் கிளைகளும் இணைந்து யுனைடெட் ஏஷியன் வங்கி ஆயின. அது பின்னர் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் கலந்தது. அடுத்தடுத்த இணைப்புகளின் முடிவில் இன்றைய சிஐஎம்பி வங்கி நிற்கிறது. ஜோகூர் பாருவில் அந்த வங்கிக் கிளைக்கு வெளியே முதலாளி கடிதத்தோடு காத்திருக்கும் சிவகங்கைக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை: அந்த நிறுவனத்தின் வேர்களில் ஒன்று அவருடைய ஊர்ப் பக்கத்துக் காரைக்குடி வரை நீள்கிறது.

செட்டியாரிடம் கடன் வாங்க முடிந்த தமிழர் ஒரு வகை என்றால், கங்காணி வழியாகப் பால்மரம் சீவ வந்தவர் இன்னொரு வகை. அவருக்கு அஞ்சலகச் சேமிப்பு வங்கி இருந்தது. 1974 டிசம்பரில் அதுவே பேங்க் சிம்பானான் நேஷனலாக மாறியது. அதையும் விட நெருக்கமாக ஒன்று இருந்தது, கூட்டு. தோட்டக் குடியிருப்பு லயத்துப் பெண்கள் ஆளுக்குச் சில வெள்ளி போட்டு மாதம் ஒருவர் எடுத்துக்கொள்ளும் சீட்டு. ‘கூட்டு’ என்ற அந்தத் தமிழ்ச் சொல் மலாயில் ‘கூத்து’ ஆனது. கூட்டுச் சீட்டைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘கூட்டு’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. வங்கி எட்டாத இடத்தில் எளியவர்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு இதை விடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இந்த வரலாற்றில் சொல்லாமல் விடக் கூடாத ஒரு கூட்டம் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் சீவி, 1957 விடுதலைக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலோ விண்ணப்பித்தும் கிடைக்காமலோ நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள். அந்த அட்டையும் இல்லாத அவர்களின் பிள்ளைகள். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத ஒரு தமிழ் இளைஞர் வங்கிக்குப் போனால், பாஸ்போர்ட் உள்ள வெளிநாட்டவரை விடவும் அவர் நிலை மோசம். வெளிநாட்டவருக்கு ஒரு நாட்டின் தாளாவது இருக்கிறது. அண்மையில் வந்த டிஜிட்டல் வங்கிகள் கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் கணக்குத் திறந்து தருகின்றன. ஆனால் அந்த வசதி மைகார்டு என்ற அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களை நோக்கியே தொடங்கியது.

கார்டு யார் கையில்?

கணக்கு என்பது வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வசதிக்கான பொருள் என்று நினைப்பது தவறு. அவருக்குச் சம்பளம் கிடைத்தது, கிடைக்கவில்லை என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் பெரும்பாலும் அதுதான்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சம்பள காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும். அதை வங்கிக் கணக்கின் வழியாகச் செலுத்துவதுதான் பொது விதி. தொழிலாளி எழுத்தில் கேட்டுக்கொண்டால் ரொக்கமாகவோ காசோலையாகவோ தர இடமுண்டு. ஓட்டை அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. மொழி புரியாத ஒப்பந்தத் தாள்களோடு தாளாக, ‘எனக்கு ரொக்கமாகவே வேண்டும்’ என்ற கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டால் யார் கேட்பது? குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். கணக்கில் விழுந்தால் அந்த எண் அறிக்கையில் நிற்கும். கையில் 1,300 கொடுத்துவிட்டு 1,700க்குக் கையெழுத்து வாங்கினால் எதுவும் நிற்காது.

இதைவிட மோசமான இன்னொரு வழக்கமும் உண்டு. கணக்குத் திறந்து கொடுப்பார்கள், கார்டையும் ரகசிய எண்ணையும் சூப்பர்வைசரோ ஏஜென்டோ வைத்துக்கொள்வார். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்பார்கள். பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில் இருக்கும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்பூர்வ உரிமை இல்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம். சம்பளத்தைப் பிடித்து வைப்பதையும் ஆவணங்களைப் பிடித்து வைப்பதையும் கட்டாய உழைப்பின் அறிகுறிகளாகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வரையறுத்திருக்கிறது.

2023 டிசம்பரில் ஜோகூரின் பெங்கெராங் பகுதியில் 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் கூட்டமாகக் காவல் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். ஆசை காட்டி அழைத்து வந்தவர்கள் வேலையும் தரவில்லை, சம்பளமும் தரவில்லை என்று புகார் கொடுக்கத்தான் போனார்கள். வழியில் அவர்களே பிடித்து வைக்கப்பட்டார்கள். நாடு முழுதும் பேச்சானது. விசாரணை விரிந்தபோது அதே நிலையில் 733 பேர் இருந்தது தெரிந்தது. ஜோகூர் தொழிலாளர் துறையின் தலையீட்டில், 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட சம்பள பாக்கியைத் தர அவர்களை வேலைக்கு எடுத்த நிறுவனம் 2024 தொடக்கத்தில் ஒப்புக்கொண்டது. நடந்தவர்கள் வேற்று மொழிக்காரர்கள்தான். ஆனால் இருபதாண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கதையின் ஒரு வரிகூடப் புதிது இல்லை.

கணக்கின் அவசியம் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பு உண்டு. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கோரலாம். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதியும் கட்டாயமாகியிருக்கிறது. வீட்டுப் பணியாளர் தவிர்த்த வெளிநாட்டுத் தொழிலாளியின் சம்பளத்தில் 2 விழுக்காடு பிடிக்கப்படும், முதலாளி 2 விழுக்காடு போட வேண்டும். 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு மாதம் 34ம் 34ம் சேர்ந்து 68 ரிங்கிட். இரண்டு ஆண்டில் 1,632 ரிங்கிட், வட்டி தனி. ஒரேயடியாக நாடு திரும்பும்போது அதை எடுத்துக்கொள்ளலாம். தன் பெயரில் உயிரோடு உள்ள கணக்கு இருந்தால் அந்தப் பணத்தைக் கையில் வாங்குவது எளிது.

வங்கியே திவாலானால் என்ன ஆகும் என்ற பயம் சிலருக்கு உண்டு. பிஐடிஎம் என்ற வைப்புத்தொகைக் காப்புறுதி நிறுவனம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்புத் தருகிறது. தனியாகப் பதிய வேண்டியதில்லை. குடிமகனா, வெளிநாட்டவரா என்றும் பார்ப்பதில்லை.

கணக்கைக் காப்பது

கணக்குத் திறப்பது பாதி வேலை. பெர்மிட் காலாவதியானதும் கார்டை முடக்கிவிடும் வங்கிகள் உண்டு. பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறும். பழைய எண்ணில் உள்ள கணக்கு சிக்கிக்கொள்ளும். பெர்மிட் புதுப்பித்த வாரத்திலேயே கிளைக்குப் போய்ப் புதிய தாளைக் காட்டிப் பதிந்துகொள்வதே நல்லது.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, கணக்கை இரவல் கொடுப்பது. ‘கார்டைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்று நல்ல தமிழிலேயே வந்து கேட்பார்கள். மலாயில் இதற்கு ‘அக்காவுன் கெல்டாய்’ என்று பெயர், கழுதைக் கணக்கு. மோசடிக்காரர் சுருட்டிய பணம் அந்தக் கணக்கின் வழியே ஓடும். போலீஸ் வரும்போது பெயர் உங்களுடையது. 2024இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி இதற்கெனத் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஊருக்குத் திரும்புபவர் கார்டை அறை நண்பரிடம் விட்டுவிட்டுப் போவதும் இதே குழிதான். தன் கணக்கிலிருந்து பணம் களவு போனால் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடிப் புகார் மையத்தை அழைக்கலாம்.

உண்டியலும் அப்படித்தான். செட்டியார் காலத்தில் உண்டி என்பது மதிப்பான கடன் பத்திரம். இன்று உண்டியல் என்றால் உரிமம் இல்லாமல் பணம் அனுப்புபவர். நல்ல விகிதம் தருவார், வீட்டுக்கே வந்து வாங்குவார். ஊரில் மனைவியின் கணக்கில் முன்பின் தெரியாத ஒருவர் பெயரிலிருந்து பணம் விழும். அது எங்கோ நடந்த இணைய மோசடியின் பணமாக இருந்தால், வேறு மாநிலப் போலீஸ் அந்தக் கணக்கை முடக்கும். மகள் கல்லூரிக்குக் கட்ட வைத்திருந்த பணமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். இரண்டு காசு விகித லாபத்துக்கு இந்த விலை வேண்டாம். உரிமம் பெற்ற நிலையங்களிலும் செயலிகளிலும் கட்டணத்தையும் விகிதத்தையும் சேர்த்து ஒப்பிட்டு அனுப்பலாம்.

ஊரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. வேலைக்கென்று வெளிநாடு போனவர், இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு திறந்தால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. கிளம்பும் முன் செய்ய வேண்டிய இந்த வேலையைப் பல ஏஜென்டுகள் சொல்வதே இல்லை.

ஒரு கிலோமீட்டர் தூரம்

ஜோகூர் பாருவிலிருந்து ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம்தான், 1924இல் திறந்தது. அக்கரை சிங்கப்பூர். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கும் ஜோகூர்த் தமிழர்கள் அங்கே வெளிநாட்டவர்கள். அவர்களும் பெர்மிட் காட்டித்தான் கணக்குத் திறந்திருக்கிறார்கள். 2020இல் கொரோனா வந்து தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டபோது, விடுதியில் தங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தை மின்வழியிலேயே செலுத்த வேண்டும் என்று சிங்கப்பூர் அரசு கட்டாயமாக்கியது. கணக்கு இல்லாதவருக்கு, அவர் வங்கிக்கு வராமலேயே, முதலாளி தந்த விவரங்களை வைத்து மொத்தமாகக் கணக்குகள் திறக்கப்பட்டன. கெடுபிடிச் சட்டங்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் செய்தார்கள்.

ஜோகூரில் அதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் தெரியவில்லை. 2025 ஜனவரியில் ஜோகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிற்சாலைகள் வரும், ஆட்கள் வருவார்கள். பெர்மிட் அச்சாகும் அன்றே கணக்கும் திறக்க வேண்டும். கார்டு தொழிலாளியின் கையில்தான் தரப்பட வேண்டும். தொழிற்பேட்டைகளுக்கு அருகில் உள்ள கிளைகள் மாதத்தில் ஒரு ஞாயிறாவது திறந்திருக்க வேண்டும். அதுவரை, தமிழ் முதலாளிகளாவது புதிதாக வந்த ஆளை ஒரு வேலை நாள் காலையில் இரண்டு மணி நேரம் வங்கிக்கு அனுப்பி, அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காமல் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களில் ஜோகூரில் மகனோ தம்பியோ கணவரோ உள்ளவர்கள் இருப்பீர்கள். இந்த வாரம் போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? பேங்க் கார்டு யாரிடம் இருக்கிறது? ‘முதலாளியிடம்’ என்று பதில் வந்தால், திருப்பிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் ஜோகூர் பாருவில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.